மன்னார்குடியில் ஒரு மலை நத்தை

தூரத்துக் கருணையாளர் என்று ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் இதைத் தேட வேண்டாம். இது பெருகிவரும் இனம். பெரிய நகரங்களிலும் கிடைக்கும் என்றாலும், ஓய்வூதியம் ஒழுங்காக வந்துசேரும் சந்தை ஊர்களில்தான் இது நன்றாகச் செழித்து வளர்கிறது. வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு ஃபைல், ஃபைலுக்குள் தன்னைப் பற்றி வந்த செய்தித் துணுக்குகள். இவற்றை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இதன் நெஞ்சில் கருணை சுரந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு தூரக் கணக்கு உண்டு. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உயிரை நினைத்தால் கண் கலங்கும். அதே உயிர் வீட்டு வாசலுக்கு வந்தால் கை செருப்பைத் தேடும்.

உங்களுக்குக் காட்ட ஒரு நல்ல மாதிரி வேண்டும் அல்லவா? மன்னார்குடி துரைராசுவைக் காட்டுகிறேன்.

துரைராசு மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே ஆறு ஏக்கர் நஞ்சை. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பினால், நீளக் கழியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, அண்ணாந்து பார்த்தபடி ஒன்றுவிடாமல் பொசுக்குவார். வரப்பில் நண்டு வளை போட்டால் தவிட்டில் மருந்தைப் பிசைந்து உருண்டை உருண்டையாக வைத்துவிட்டு வருவார். மழைக்குக் குளியலறைப் பக்கம் ஒதுங்கிய நத்தையின் மேல் கல்லுப்பைத் தூவி, அது நுரைத்து அடங்கும்வரை நின்று பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்து, "நத்தையும் நம் உடன்பிறப்பே" என்று கட்டுரைக்குத் தலைப்பு எழுதுவார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருடைய மனைவி பூவம்மாளுக்கு மட்டும் ஒருநாள் தோன்றியது. கேட்டும் விட்டார். துரைராசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பொறுமையாக விளக்கினார். வீட்டு நத்தை ஊரெல்லாம் கிடக்கிறது, இவர் எழுதுவதோ உலகத்திலேயே ஒரே ஒரு பாறையில் வாழும் நத்தையைப் பற்றி, இரண்டும் எப்படி ஒன்றாகும்? பூவம்மாள் சமையற்கட்டுக்குப் போய்விட்டார். உப்பு ஜாடியை அதற்குப் பிறகு உயரமான அலமாரியில் வைத்தார்.

அந்த ஒரே ஒரு பாறை, துறையூர் தாண்டி இருக்கும் மலைகளின் ஓரத்தில் கூனிப்பாறை என்ற குன்றில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் குலதெய்வக் கோயிலுக்குப் போன வேன் அங்கே பஞ்சரானது. சக்கரம் மாற்றும் நேரத்தில் துரைராசு காலாற நடந்தார். பாறை இடுக்கில் டார்ச் அடித்து முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டார். அவர்தான் வானதி, திருவாரூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நத்தைகளை ஆராய்பவர். மொச்சைக் கொட்டை அளவில், ஓட்டின் மேல் மெல்லிய ரோமம் படர்ந்து, மற்ற நத்தைகளுக்கு மாறாக இடப்பக்கம் சுருண்ட ஒரு நத்தையை அவருக்குக் காட்டினார். கோடையில் ஓட்டின் வாயைத் தாள் போன்ற மூடியால் அடைத்துக்கொண்டு கல்லோடு ஒட்டித் தூங்கும் என்றார், மழை பெய்தால்தான் விழிக்கும் என்றார், இந்தக் குன்றைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது என்றும் சொன்னார்.

முன்னால் சொன்னதெல்லாம் துரைராசுவின் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். "வேறு எங்கும் கிடையாது" என்பது மட்டும் ஆணியடித்தது போல் இறங்கியது. எண்ணிப் பாருங்கள். அவரிடம் இருக்கும் நெல் எல்லாரிடமும் இருக்கிறது. அவருடைய பையன் இருக்கும் சிங்கப்பூரில் மன்னார்குடித் தெரு ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன் இருக்கிறான். வேறு எங்கும் இல்லாத ஒன்றோடு தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு அறுபத்தோரு வயதில் முதல் வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த மாதமே பேரவை பிறந்துவிட்டது. மலைவாழ் அரிய சிற்றுயிர்ப் பாதுகாப்புப் பேரவை, தலைமையிடம் மன்னார்குடி. கோயில் கோபுரத்தையும் வைக்கோல் போரையும் விட்டால் மேடு என்று காட்ட ஒன்றும் இல்லாத ஊரில் மலைக்கு எதற்குத் தலைமையிடம் என்று யாரும் கேட்கவில்லை. உறுப்பினர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கூனிப்பாறையைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர், அதுவும் பஞ்சர் ஒட்டும் நேரத்துக்கு.

பேரவையின் ஆண்டு விழாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செயலாளர் காதர் மைதீன் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். அதனால் பேரவைக்கு வேறு எது குறைந்தாலும் ஃபிளெக்ஸ் குறையாது. பன்னிரண்டடி ஃபிளெக்ஸில் பத்தடிக்குத் தலைவர், கீழே மூலையில் நத்தை. வரவேற்புரை, வாழ்த்துரை, முன்னிலை உரை, பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு எதிர்ப் பொன்னாடை என்று மூன்று மணி நேரம் போன பிறகு வானதியைப் பேச அழைப்பார்கள். ஐந்து நிமிஷம். அந்த நத்தை எங்கே வாழ்கிறது என்ற இடத்துக்கு அவர் வரும்போது காதர் மைதீன் ஒரு துண்டுச்சீட்டை நீட்டுவார். அதில் சாப்பாடு ஆறுகிறது என்று எழுதியிருக்கும். வானதி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கூனிப்பாறைக்கு ஆதரவாக உலகத்தில் இருந்த ஒரே சங்கம் இதுதான்.

ஆதரவு தேவைப்படும் நாளும் வந்தது. குன்றின் அடிவாரத்தில் ஏற்கெனவே கல் குவாரி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மேல்பாறையையும் உடைக்க அனுமதி கேட்டார்கள். அடிவாரத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. வானதி போன் செய்தார். நம் கையில் இருப்பது ஒரே ஒரு வாதம்தான், இந்த நத்தை வேறு எங்கும் இல்லை என்பதுதான் அது, பேரவையின் தலைவர் நேரில் வந்து அதைச் சொன்னால் அதிகாரிகள் யோசிப்பார்கள் என்றார். துரைராசு உயிரைக் கொடுத்தாவது வருவேன் என்றார். இந்த இனத்துக்கு உயிரைக் கொடுப்பது மிகவும் எளிது. நாலு வரிக் கடிதம் கொடுப்பதுதான் கஷ்டம். அது எப்படி என்று இனிமேல் பார்ப்பீர்கள்.

இதற்கிடையில் பேரவைக்குச் சொந்தக் கட்டடம் கட்டும் வேலை தொடங்கியிருந்தது. நத்தைக்குப் பாறை இருக்கும்போது நத்தையைக் காப்பவருக்கு ஹால் வேண்டாமா? டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். குருவியை அடிக்கக்கூட ஒரு கல் கிடைக்காது. அஸ்திவாரத்துக்கான கருங்கல் வெளியூரில் இருந்து லாரியில்தான் வரவேண்டும். வந்தது. கல் எங்கேயிருந்து வருகிறது என்று துரைராசு கேட்காமல் இல்லை. துறையூர்ப் பக்கம் என்றார் லாரிக்காரர். நல்ல கல்லா என்று அடுத்துக் கேட்டார். நல்ல கல்தான் என்றார் அவர். விசாரணை அத்தோடு முடிந்தது.

கல் வந்து இறங்கிய நாலாம் நாள் சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை அடித்துப் பெய்தது. மறுநாள் காலையில் கல் தூக்க வந்த சித்தாள் வேம்பு, குவியலின் மேல் மூன்று நத்தைகள் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். வேம்புவுக்கு நத்தை புதிதில்லை. நடவுக் காலத்தில் வாய்க்காலில் நத்தை பொறுக்கிக் குழம்பு வைத்து வளர்ந்தவர். அதனாலேயே இது புதிது என்று அவருக்கு உடனே தெரிந்தது. மேஸ்திரியிடம் சொல்லி, துரைராசுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

துரைராசு வந்தார், குனிந்தார், பார்த்தார். ரோமம் படர்ந்த ஓடு. இடப்பக்கச் சுருள். உலகத்தில் வேறு எங்கும் இல்லாதது அவருடைய மனையில், அவருடைய கல் குவியலில், அவரைத் தேடி வந்திருக்கிறது. வேறு ஒருவராக இருந்தால் எப்படி வந்தது என்று யோசித்திருப்பார். துரைராசு யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தார்.

"நம்ம வாய்க்கா நத்தை இல்லீங்கய்யா இது," என்றார் வேம்பு. "கல்லுப் பொந்துல ஒட்டிக்கிட்டே வந்திருக்குங்க. பாருங்க, அந்தப் பொந்துல மூடி உரிஞ்சு கெடக்கு."

"நீ கல்லைத் தூக்கும்மா," என்றார் துரைராசு.

முதல் போன் வானதிக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? முதல் போன் நிருபருக்கு. இரண்டாவது காதர் மைதீனுக்கு. மூன்றாவது சிங்கப்பூருக்கு. நிருபர் வந்து படம் எடுத்துக்கொண்டே, இது மலையில் மட்டும்தான் இருக்கும் என்று போன வருஷம் சொன்னீர்களே என்று கேட்டார். நல்ல கேள்வி. பத்து வயதுப் பிள்ளைக்கும் தோன்றும் கேள்வி.

"அது போன வருஷம்ங்க," என்றார் துரைராசு. "ஆராய்ச்சின்னா முன்னேறிக்கிட்டே இருக்கணும்ல. இங்க நம்ம மண்ணுலயே ஆயிரக்கணக்குல இருக்கலாம். நான் சொன்னேன்னு எழுதிக்குங்க."

நிருபர் எழுதிக்கொண்டார். நத்தையை முதலில் கண்டவர் யார் என்றும் கேட்டார். பேரவைதான் என்றார் துரைராசு. வேம்பு பத்தடி தள்ளிச் சும்மாட்டின் மேல் கல்லோடு நின்றிருந்தார். படத்தில் அவருடைய முழங்கை மட்டும் விழுந்தது, அதையும் காதர் மைதீன் கத்தரித்துவிட்டார். மறுநாள் செய்தித்தாளில் நாலு பத்தி அகலத்துக்குத் தலைப்பு வந்தது. மன்னார்குடியில் அரிய மலை நத்தை, பேரவைத் தலைவர் கண்டுபிடிப்பு, காவிரிப் படுகையிலும் பரவலாக இருப்பதாகத் தகவல்.

வானதி அதைப் படித்துவிட்டுப் பத்து மணி பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கல் குவியலைச் சுற்றி நடந்தார். ஒரு கல்லில் வெடி வைக்கத் துளை போட்ட தடம் பாதி வட்டமாகத் தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்தார். வேம்புவோடு பேசினார். பிறகு லாரிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கூனிப்பாறைக் குவாரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நத்தையைக் காப்பாற்றும் கட்டடத்துக்கு அந்த நத்தையின் வீட்டையே உடைத்து எடுத்து வந்திருந்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

"சார், நாலு வரி போதும்," என்றார். "கல்லோட சேர்ந்து வந்துடுச்சு, இங்க அது இயற்கையா இல்லன்னு பத்திரிகைக்கு ஒரு கடிதம். இந்தச் சீட்டையும் இணைச்சிடுங்க. புதன்கிழமை கூட்டம். அதுக்குள்ள வரலைன்னா இந்தச் செய்தியைக் காட்டியே பாறையை உடைக்க அனுமதி வாங்கிடுவாங்க. அஞ்சு வருஷமா நான் எண்ணி வச்சிருக்கிறதே நானூறு நத்தைதான் சார்."

"செஞ்சிடலாம்மா. இதென்ன பெரிய விஷயம்," என்றார் துரைராசு. மூன்று நத்தைகளையும் கொண்டுபோய்க் குன்றிலேயே விட்டுவிடுகிறேன் என்று வானதி கேட்டதற்கு மட்டும் ஒப்பவில்லை. அவை பேரவையின் சொத்து என்றார்.

துரைராசு எழுத உட்கார்ந்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. "எனது கண்டுபிடிப்பு குறித்து மேலும் சில விளக்கங்கள்" என்று தொடங்கினார். நாலு வரி கேட்டால் நாலு பக்கம் வந்தது. அதில் பரிணாமம் இருந்தது, பருவநிலை மாற்றம் இருந்தது, சோழர் காலம்கூட வந்துபோனது. கல் என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை. எழுதி என்ன செய்வது? கல் என்று எழுதினால் லாரி வரும், லாரி வந்தால் குவாரி வரும், குவாரி வந்தால் கட்டடம் வரும். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா வேறு இருந்தது, ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது. விழா முடியட்டும், திங்கட்கிழமை அனுப்பிக்கொள்ளலாம் என்று மடித்து ஃபைலில் வைத்தார். பூவம்மாள் காபியை வைத்துவிட்டு, அந்தப் பொண்ணு கேட்டதை எழுதிட்டீங்களா என்றார். எழுதியாகிவிட்டது என்று பதில் வந்தது. அனுப்பியாகிவிட்டதா என்று பூவம்மாள் கேட்கவில்லை, அந்த மட்டில் துரைராசு தப்பித்தார்.

பாராட்டு விழாவில் மூன்று நத்தைகளும் அகலமான ஊறுகாய் பாட்டிலில், மருந்தடித்த சந்தைக் கீரையோடு, ஃபோகஸ் விளக்குக்குக் கீழே மேடையில் வீற்றிருந்தன. வரவேற்புரையின்போது மூன்றும் ஊர்ந்தன. ஏற்புரையின்போது ஒன்று ஊர்ந்தது. நன்றியுரையின்போது பாட்டிலை யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை உடம்பு வலி, செவ்வாய்க்கிழமை வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள், அப்புறம் புதன்கிழமை.

கல்யாண மண்டபத்தில் துரைராசு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வானதி இரண்டு வரிசை பின்னால், பக்கத்தில் வேம்பு. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, வானதி கூப்பிட்டதற்காக விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்தார். வானதி படங்களைக் காட்டி, இந்த உயிர் இந்தப் பாறையைத் தவிர எங்கும் இல்லை என்று சொல்லி முடித்ததும், குவாரித் தரப்பு வக்கீல் எழுந்து ஒரு செய்தித்தாளை விரித்தார். சத்தம் போடவில்லை. நிறுத்தி நிதானமாகப் படித்தார். நத்தைப் பாதுகாப்புக்கென்றே நடக்கும் பேரவையின் தலைவரே சொல்கிறார், டெல்டாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம் என்று முடித்தார்.

அப்போது வேம்பு எழுந்து நின்றார். அது கல்லோடு வந்தது, நான்தான் முதலில் பார்த்தேன், அந்தக் கல் இங்கேயிருந்துதான் வந்தது என்றார். மேடையில் இருந்த அதிகாரி நீங்கள் யார் என்று கேட்டார். சித்தாள் என்றார் வேம்பு. அதிகாரி தலையாட்டிவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. சரியான ஆளைத்தான் கேட்டார்.

"தலைவர் ஐயா இங்கதான் இருக்கீங்க. நீங்களே சொல்லிடுங்க. இந்தம்மா சொல்றது சரியா, பேப்பர்ல வந்தது சரியா?"

வானதி அவரையே பார்த்தார். துரைராசுவுக்கு எல்லாம் தெரியும். பொந்தில் உரிந்து கிடந்த மூடி தெரியும், வெடித் துளை தெரியும், ஃபைலுக்குள் அனுப்பாத கடிதத்துக்குப் பக்கத்திலேயே லாரிச் சீட்டு இருப்பதும் தெரியும். ஒரு தலையசைப்புப் போதும். தலையை எந்தப் பக்கம் அசைப்பது என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போர்த்திய பொன்னாடை அன்றும் தோளில் கிடந்தது, அதைச் சரிசெய்துகொண்டே எழுந்தார்.

"அந்தம்மாவுக்கு விவரம் பத்தாதுங்க," என்றார். "கண்டுபிடிச்சது நான்தான். பேப்பர்ல வந்தது சரிதான்."

வேம்பு உட்கார்ந்தார். வானதி படங்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துறையூரில் வானதி அழுதார் என்று பிற்பாடு வேம்பு சொன்னார்.

ஆடி மாதம் மேல்பாறையில் முதல் வெடி வைத்தார்கள். ஊறுகாய் பாட்டிலில் இருந்த கடைசி நத்தையும் அதற்கு ரொம்ப நாள் முன்பே அடங்கிவிட்டது. பேரவை சும்மா இருக்குமா? புதுக் கட்டடத்தில் முதல் நிகழ்ச்சியாக இரங்கல் கூட்டம் நடந்தது. ஓர் உயிர் போனால் ஓர் உலகமே போனது போல என்று துரைராசு பேசும்போது கண் கலங்கியது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. இந்த இனத்தின் கண்ணீர் எப்போதும் உண்மையானது, நேரத்துக்கு வராது என்பதுதான் அதில் இருக்கும் கோளாறு. இப்போது அவர் அந்தமான் பக்கம் ஏதோ ஒரு தீவில் மட்டும் வாழும் நண்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். வரப்பு நண்டுக்குத் தவிட்டு உருண்டை வைப்பதும் வழக்கம்போல நடக்கிறது.

இவ்வளவு நேரம் சிரித்தபடி படித்தீர்கள். மண்டபத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சே, என்ன மனிதர் என்றீர்கள். எனக்கு மெத்தச் சந்தோஷம். அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் எழுந்து நின்று, வேம்பு சொல்வதுதான் சரி என்று சொல்லியிருப்பீர்கள், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேறு யாரோ செய்த ஒன்றுக்காக நாலு பேர் நடுவில் உங்களை ஒருவர் பாராட்டினாரே, போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ, அப்போது என்ன சொன்னீர்கள்? அதெல்லாம் ஒன்றுமில்லைங்க என்று கூச்சத்தோடு சிரித்தீர்கள், இல்லையா? நிருபர் முதன்முதலில் கை கொடுத்தபோது துரைராசுவும் அதைத்தான் சொன்னார்.